இதமாகச் சொல்கிறவள்

செத்துப்போன ஒருத்தி, காரமடையிலிருந்து வந்த நகரப் பேருந்தில் கோகிலவாணியின் மடிமேல் கறிவேப்பிலை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “கொஞ்சம் புடிச்சுக்க கண்ணு” என்றாள்.

நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் சுமையை வைப்பது எந்த ஊர்ப் பேருந்திலும் வழக்கம்தான். முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் வைப்பதில்லை. இந்த அம்மாளும் மூட்டையை வைத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள், கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நீ அந்த ஆசுபத்திரிக்காரிதான? எனக்கு எட்டு மாசம்னு சொன்னவ?”

கோகிலவாணிக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மாராத்தாள். மறக்கக்கூடிய பெயரில்லை. ஆறு வருட வேலையில் ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கு அவள் கெடு சொல்லியிருக்கிறாள். அவர்களில் அவள் முகத்தில் தண்ணீரை ஊற்றியவள் இந்த ஒருத்தி மட்டும்தான்.

“நாலு வருசமாச்சு. எண்ணிப் பாரு” என்றாள் மாராத்தாள். பேருந்தே கேட்டது. “உன்ற மூஞ்சில ஊத்துன கோவத்தோடயே நேரா சிங்காநல்லூர் போயி திருச்சி பஸ் ஏறுனேன். அங்க ஒரு சின்ன ஆசுபத்திரி. ‘பொம்பள ஒருத்தி எட்டு மாசத்துல செத்துருவேன்னு சொல்லிப்போட்டா, நீங்களும் அதையேதான் சொல்வீங்களா’ன்னு நடையிலயே உக்காந்து கத்துனேன். ஆப்ரேசன் பண்ணி உட்டுட்டாங்க. இப்ப ரெண்டு மூட்ட தூக்கறேன்.”

அடுத்த நிறுத்தத்தில் மூட்டையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். கோகிலவாணியின் புடவையெல்லாம் கறிவேப்பிலை வாசம்.

அவள் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். அந்த மருத்துவமனையில் ஒரு கணினி இருக்கிறது. மொய்ரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு சொட்டு ரத்தம், நெஞ்சுப் படம், பத்து வருடத்துப் பழைய பதிவேடுகள், இவற்றைக் கொடுத்தால் இந்த ஆளுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று சொல்லும். அந்தக் கணக்குக்கு ‘நூல்’ என்று பெயர். நூல் இருபத்துநான்கு மாதத்துக்கு மேல் இருந்தால் அறுவை சிகிச்சை. அதற்குக் கீழே என்றால் மாத்திரையும் வீடும். இருக்கிற அறுவை மேசைகள் கொஞ்சம், நோயாளிகள் கூட்டம், யாருக்குக் கொடுத்தால் வீணாகாது என்று பார்த்துக் கொடுப்பதுதான் நியாயம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அநியாயம் எப்போதும் அப்படித்தான் உடுத்திக்கொண்டு வரும்.

கெடுவை மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம். அதற்கு எட்டு அறிவிப்பாளர்கள். கோகிலவாணி ஏழாம் எண். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் பஞ்சாலையில் சைடர். நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே நடந்துகொண்டே, அறுகிற இழையையெல்லாம் எடுத்து ஒட்டுகிற வேலை. அந்த வேலைக்கும் ரோபோ வந்துவிட்டது. இவள் குரலைக் கேட்டு மருத்துவமனை எடுத்துக்கொண்டது.

பயிற்சியின்போது ஒரு கையேடு கொடுத்தார்கள். ‘விதியை வரவேற்போம்: கிரேக்கர்கள் தரும் பன்னிரண்டு பாடங்கள்.’ கிரேக்கர்கள் யாருக்கு என்ன பாவம் செய்தார்களோ, எல்லா வேண்டாத வேலைக்கும் அவர்கள் பெயர்தான் அகப்படுகிறது. முதல் பாடம், விதியின் மூன்று சகோதரிகள். ஒருத்தி மனிதனின் ஆயுளை நூலாக நூற்கிறாள், ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி வெட்டுகிறாள். வெட்டியதை வெட்டியதென்று ஏற்றுக்கொள்வதே ஞானம்.

“வெட்டுனா மறுபடி ஒட்டறதுக்கு ஆளில்லீங்களா?” என்று அன்றைக்கே கேட்டாள். பன்னிரண்டு வருடம் அதையே செய்தவளுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? பயிற்சியாளர் சிரித்து, அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார். இவளும் சிரித்து விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

வேலையில் அவளை அடிக்க ஆளில்லை. மேசைக்கு எதிரே உட்கார மாட்டாள், பக்கத்தில் போய் உட்காருவாள். “சாப்ட்டீங்களா?” என்பாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுப்பாள். கையைப் பிடித்துக்கொண்டு, தன் ஊர்ப்பக்கத்துக்கே உரிய மரியாதையோடு, ‘ங்க’ போட்டு, மூன்று சகோதரிகள் கதையைச் சொல்லி, கடைசியில் மாதக் கணக்கைச் சொல்வாள். கேட்டவர்கள் அழுதார்கள், ஆனால் கத்தவில்லை. இத்தனை மரியாதையாகப் பேசுகிறவளிடம் எப்படிக் கத்துவது? சண்டை போடுவதே அநாகரிகமாகத் தோன்றிவிடும். “சரீங்க. நடக்கறது நடக்கட்டும்” என்று எழுந்து போனார்கள். சிலர் பிற்பாடு முறுக்குகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிறந்த அறிவிப்பாளர் கேடயம் மூன்று வருடம் தொடர்ந்து அவளுக்குத்தான்.

அன்று காலை இருக்கைக்குப் போனதும் முதல் வேலையாக மாராத்தாளின் பதிவைத் தேடினாள். திரை சொன்னது: ‘நூல் முடிந்தது. கணிப்பு: சரி.’

முடிந்ததா? முடிந்தவள் சற்றுமுன் மடியில் மூட்டை வைத்தாளே!

கெடு சொல்வது மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான். அடுத்து அன்றைய பட்டியலைத் திறந்தாள். பன்னிரண்டு பேர். நான்காவது வரியில், பூபதி, வயது முப்பத்தெட்டு, இதய வால்வுக் கோளாறு, ஒன்பது மாதம்.

அவள் தம்பி. ஒரே தம்பி. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றவன், சூட்டினால் வருகிறது என்று சமாளித்தவன், அக்காவுக்குத் தெரியாமல் அக்காவின் மருத்துவமனைக்கே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கல்யாணமான பிறகு இவளுக்கு இனிஷியல் மாறிவிட்டதால் கணினிக்கு உறவு தெரியவில்லை. எதிரில் காத்திருப்போர் கூடத்தில் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

அவள் அவனிடம் போகவில்லை. ஐந்தாம் மாடிக்குப் போனாள்.

மொய்ராவைப் பார்த்துக்கொள்ளும் நிரஞ்சனுக்கு முப்பது வயதிருக்கும். சென்னைப் பையன். கோகிலவாணி கொடுக்கும் முறுக்கில் அவனுக்கும் பங்கு உண்டு.

“மாராத்தாள்னு ஒருத்தர். உசுரோட இருக்கறாங்க. இங்க செத்துட்டாங்கன்னு இருக்குதே, எப்படி?”

“ரெண்டு தடவை செக்கப்புக்கு வரலைன்னா சிஸ்டம் அப்படித்தான் மூடும்க்கா. வேற எங்கயோ போனவங்களைத் தேடிட்டா இருக்க முடியும்?”

“அப்ப தொண்ணூத்தேழு சதவீதம் பலிக்குதுன்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கறீங்களே, அதுல மாராத்தாளும் சேத்தியா?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பூபதின்னு போட்டு எடு. ஒம்பது மாசம் எதுனால வந்துச்சுன்னு எனக்குக் காட்டு.”

“ரூல்படி அதைக் காட்டக் கூடாதுக்கா.”

“என்ற தம்பி அவன்.”

நிரஞ்சன் விசைப்பலகையை இழுத்துப் பெயரைத் தட்டினான். வயது, வால்வின் நிலை, சர்க்கரை, வேலை. கணக்கை எது எவ்வளவு இழுத்தது என்று பட்டைபட்டையாக வந்தது. எல்லாவற்றையும்விட நீளமான பட்டை கடைசியில் இருந்தது. நிரஞ்சனின் கை தானாகப் போய் அதை மறைத்தது.

“கைய எடு.”

எடுத்தான். ‘அறிவிப்பாளர்: 7.’

கோகிலவாணிக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. தப்பாக அச்சாகிவிட்டது என்றுகூட நினைத்தாள். “இது நானு. நான் எதுக்கு இதுல வர்றேன்?”

“மெஷினே கண்டுபிடிச்சதுக்கா. நாங்க யாரும் சொல்லித் தரலை.” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஸ்டான்லி சாரைப் பாருங்க, மூணாம் நம்பர். பேப்பரைத் தூக்கிப் போட்டு ‘இவ்வளவுதான், கிளம்புங்க’ன்னுடுவார். ஜனங்க கொதிச்சுப் போயி டீன் ரூம் வரைக்கும் போயி சண்டை போடுவாங்க, மேல்முறையீடு எழுதுவாங்க. பாதிப் பேருக்கு எப்படியோ ஆபரேஷன் நடந்துடும். உங்க ஆளுங்க அப்படியில்லை. நீங்க சொன்னா நம்பிடறாங்க. வீட்டுக்குப் போயி, மாத்திரையைக்கூட ஒழுங்கா சாப்பிடாம, சொன்ன தேதிக்குக் காத்திருக்காங்க.”

“நான் நல்லபடியாச் சொல்றதுனால சாகறாங்க.”

“அப்படி இல்லக்கா...”

“வேற எப்படி?”

அவன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தொடவில்லை.

“சரி, எங்கிட்ட வர்றவங்கள ஆரு பிரிச்சு அனுப்பறது?” என்றாள்.

“அதுவும் மொய்ராதான்.” இதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. “மெஷினுக்கு நாங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு. சொன்னது பலிக்கணும். பலிக்கறதுக்கு ரெண்டு வழி இருக்குக்கா. சரியாச் சொல்லணும். இல்லேன்னா, சொன்னபடி நடக்க வைக்கணும். ரெண்டாவது அதுக்குச் சுலபமாத் தெரிஞ்சிருக்கு. நூல் கம்மியா இருக்கறவங்களை உங்ககிட்ட அனுப்பினா கணிப்பு தப்பறதே இல்லை.”

மூன்று கேடயம். வீட்டில் டிவிக்கு மேலே வரிசையாக வைத்திருக்கிறாள், வாரம் ஒருமுறை துடைக்கிறாள். கோகிலவாணிக்கு அப்போது வந்த கோபத்துக்குப் பெயரில்லை. கணினிமேலா, இந்தப் பையன்மேலா, முறுக்குத் தின்ற தன் வாய்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. கையேட்டில் கசாண்ட்ரா என்று ஒரு பெண் வருவாள். உண்மையைச் சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை. இவள் சொன்னது பொய், ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பேர் நம்பிவிட்டார்கள்.

“பாடத்துல ஈடிபஸ்னு ஒரு ராசா வருவானே, தெரியுமா?” என்றாள். “பொறக்கற பையன் அப்பனக் கொல்லுவான்னு கோயில்ல சொன்னாங்களாம். ‘விதியை விட்டு ஓடுகிறவன் விதியிடமே போய் நிற்பான்’னு நானே நூறு தடவ சொல்லியிருக்கறேன். அந்த அப்பங்காரன் கோயில் பேச்சக் கேட்டுக் கொழந்த கால்ல ஆணி அடிச்சுக் காட்டுல போட்டான். வீட்லயே வெச்சு வளத்திருந்தா? பையனுக்கு அப்பன் மொகம் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்ச மொகத்தைத் தெருவுல பாத்தா எவன் வெட்டுவான்? சொன்னதுனாலதான நடந்துச்சு! கடைசீல கண்ணக் குத்திக்கிட்டுக் குருடாப் போனது பையன். அந்தக் கோயில்காரன ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்கல. அவனுக்கும் கேடயம் குடுத்திருப்பாங்க.”

நிரஞ்சன் எழுந்து கதவைச் சாத்தினான். “கத்தாதீங்கக்கா. உங்க தம்பியை மட்டும் நான் மாத்தித் தர்றேன். யாருக்கும் தெரியாது.”

தட்டினான். பூபதி மூன்றாம் எண்ணுக்குப் போனான். ஒன்பது, இருபத்தாறாக மாறியது. இருபத்துநான்குக்கு மேலே. அறுவை சிகிச்சை உண்டு. அத்தனை எளிது. கோகிலவாணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சாமி புண்ணியம் என்றுகூட வாய் முணுமுணுத்தது.

கையை எடுத்தபோது திரையில் இன்னொரு வரி நகர்ந்துகொண்டிருந்தது. ஆள் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டுமென்று மொய்ரா மூன்றாம் எண்ணின் பட்டியலிலிருந்து ஒருவரை எடுத்து ஏழில் போட்டது. ரெஹானா, வயது இருபத்துநான்கு. நூல் இருபத்தேழாக இருந்தது, கண் முன்னாலேயே பதினொன்றாக இறங்கியது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அந்தப் பெண் கீழே எங்கோ உட்கார்ந்திருப்பாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலிகூட மாறி உட்காரவில்லை.

“வேற யாரையாவது...” என்று நிரஞ்சன் ஆரம்பித்தான்.

“ஆர? சொல்லு, ஆர?”

அவன் பட்டியலை மேலும் கீழும் நகர்த்தினான். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருந்தது. பார்க்காமல் போயிருந்தால் கோகிலவாணி தம்பியின் இருபத்தாறை வாங்கிக்கொண்டு போயிருப்பாள், அதை அவள் மறைக்கப் போவதில்லை. பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

“பழையபடி போடு” என்றாள். “என்ற தம்பிக்கு நானே சொல்லிக்கறேன்.”

பூபதி அறைக்குள் வந்து, அக்காவைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். “உனக்குத் தெரியாமப் பாத்துரலாம்னு நெனச்சேன். உன்ற கிட்டயே அனுப்பிட்டாங்க.”

“எத்தன மாசம்னு தெரியுமா?”

“நர்ஸ் மொகத்தப் பாத்தாலே தெரியுதே. கம்மிதான?” கையேட்டை உயர்த்திக் காட்டினான். “படிச்சேன்க்கா. நல்லாத்தான் எழுதியிருக்கறாங்க. நூத்தாச்சு, அளந்தாச்சு, வெட்டியாச்சு. நாம என்ன பண்ண முடியும்? நீ வெசனப்படாத. நடக்கறது நடக்கட்டும்.”

அதே வாக்கியம். இந்த அறையில் அவள் ஆயிரம் தடவை கேட்டு, ஆயிரம் தடவையும் வேலை நன்றாக முடிந்ததென்று நிம்மதிப்பட்ட வாக்கியம். இவனுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? அப்பா செத்தபோதும், பஞ்சாலையில் வேலை போனபோதும், வீட்டில் இதைச் சொன்னவள் அவள்தான்.

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஏழாம் எண், மூன்றாம் எண், ரெஹானா, கேடயம். பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடிவில், “விடுக்கா. பெரிய எடத்தோட நமக்கெதுக்குச் சண்ட? உன்ற வேல போயிரும்” என்றான்.

கோகிலவாணி எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவன் முகத்தில் தண்ணீரை வீசினாள்.

“ஏய்! பைத்தியமா உனக்கு?” அவன் துள்ளி எழுந்தான். நாற்காலி பின்னால் விழுந்தது. சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்கி, கண் சிவந்து நின்றான். “சாகப்போறவன்னுகூடப் பாக்காம...”

“ஆருடா சாகப்போறவன்? ஆரு சொன்னா?”

“நீதான்... உங்க மெஷின்தான்...”

“அதுக்கு என்னடா உரிமை இருக்குது? பன்னண்டு வருசம் நான் அறுந்த இழைய ஒட்டுன மில்லுல நீயும்தான வேல பாத்த? மணிக்கு நூறு தடவ அறும். ஒரு தடவையாச்சும் ‘விதி’ன்னுட்டு வீட்டுக்குப் போனமா?”

பூபதி முகத்தைத் துடைத்தான். கையிலிருந்த கையேடு நனைந்து கூழாகியிருந்தது. அதைக் கசக்கித் தரையில் எறிந்தான். “வெட்டுவானுகளாம்” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. “எந்த நாயி சொன்னான்? அவன் ரூம் எங்க இருக்குது?”

பிறந்ததிலிருந்து அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

“அவன் ரூம் அஞ்சாவது மாடி. அதுக்கு முன்னால இங்க வா.”

கூடத்துக்குப் போய் நாற்காலிமேல் ஏறி நின்றாள். பட்டியலில் இருந்த மீதிப் பதினொரு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ரெஹானாவையும் கூப்பிட்டாள். இதமாகச் சொல்லவில்லை. தொண்டை கிழியச் சொன்னாள். காவலாளிகள் வந்து அவளை இறக்குவதற்குள் கூடமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. வேலை அன்று மத்தியானமே போயிற்று. யாரோ அவள் மேசைமேல் இருந்த டம்ளரைக்கூடப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

ஒன்பது மாதம் கழித்து, நாள் தவறாமல், பூபதி வீட்டுக்குப் பதிவுத்தபால் ஒன்று வந்தது. மருத்துவமனை முத்திரை. ‘திரு. பூபதி அவர்களின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். நூல் முடிந்தது, அன்பு முடிவதில்லை.’ கீழே கையேட்டின் பன்னிரண்டாம் பாடம் அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவன் பூபதியேதான். திருச்சியில் வால்வு மாற்றி ஏழு மாதமாகிறது. விழுந்து விழுந்து சிரித்தான், நெஞ்சில் தையல் போட்ட இடம் வலிக்கிற வரைக்கும்.

கோகிலவாணி சிரிக்கவில்லை. அவரவர் கெடு முடியக் காத்திருந்து, மற்ற பதினொரு பேரின் வீட்டுக்கும் போனாள். ஒன்பது வீட்டில் கடிதத்தைப் பிரித்துப் படித்தவர் அதில் செத்துப்போனவரே. இரண்டு வீட்டில் கடிதம் சொன்னது உண்மை. அந்த இரண்டு வாசலிலும் அவள் வெகுநேரம் நின்றாள். அதற்கு முந்தைய ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது வாசல்களையும் நினைத்தாள். தூக்கம் அன்றோடு போயிற்று.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனாள். உள்ளே விட மாட்டார்கள், தெரியும். வாசல் பலகையில் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டாகியிருந்தது. ஏழாம் எண்ணுக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாளாம். பெயர் தெரியாது, குரல் தேன் என்றார் வாசலில் கடை போட்டிருந்த பூக்காரர்.

சற்று நேரத்தில் ஒரு தம்பதி வெளியே வந்தார்கள். கணவருக்கு ஐம்பது வயதிருக்கும், கையேட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

“எத்தன மாசம்னு சொன்னாங்க?” என்றாள் கோகிலவாணி.

“அஞ்சுங்க.” அவர் புன்னகைத்தார். “தங்கமான புள்ள. நெம்ப நல்லபடியாச் சொல்லுச்சு. நம்ம கைல என்னங்க இருக்குது, நடக்கறது...”

அவர் முடிப்பதற்குள், பையிலிருந்த டம்ளரால் பூக்காரரின் வாளியில் மொண்ட தண்ணீர் அவர் முகத்தில் இருந்தது. மனைவி கூச்சலிட்டாள். பூக்காரர் எழுந்து ஓடிவந்தார். அந்த மனிதர் கழுத்து நரம்பு புடைக்க, “ஏம்மா, அறிவிருக்குதா உனக்கு?” என்று கத்தினார்.

“கோவம் வருதுங்களா?”

“வராம?”

“நல்லதுங்க. அத விட்டுராதீங்க” என்றாள் கோகிலவாணி. “திருச்சி பஸ் சிங்காநல்லூர்ல நிக்கும். இப்பவே போங்க.”